பாண்டிச்சேரி சுறா: 1979க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அப்புறம் ஏன் "அற்றுவிட்டது" என்று எழுதவில்லை?

லாஸ்பேட்டை அப்பா | சனி, இரவு 9.40

மகள் ஏழாம் வகுப்பு. "நம் பகுதியின் உயிரினம்" என்று சார்ட் ஒட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். அணில், குயில் எல்லாம் மற்ற பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்களாம். தேடியபோது "பாண்டிச்சேரி சுறா" என்று ஒன்று கிடைத்தது. நாற்பத்தைந்து வருஷம் இதே ஊரில் இருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். 1839இல் இங்கிருந்து போன மாதிரிகளை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருப்பது 20க்கும் குறைவு. உறுதியான கடைசிப் பதிவு 1979.

என் மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் இதை "மிக அருகிய இனம்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். "அற்றுவிட்ட இனம்" என்று போடவில்லை. ஏன் என்கிறாள். கூடவே இன்னொன்று: "சிட்டுக்குருவி அழிந்துவிட்டது" என்று வாட்ஸப்பில் வருஷா வருஷம் மார்ச் 20 அன்று வருகிறதே, அது பட்டியலில் "கவலை குறைந்த இனம்" என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? திங்கட்கிழமை சார்ட் கொடுக்க வேண்டும்.

சும்மா வந்தவன் | சனி, இரவு 9.52

2006இல் ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள். சுறாவுக்குத் தகவல் போயிருக்காது. பாண்டிச்சேரியைத் தேடிக்கொண்டு அலைகிறது.

ஊசுட்டேரி நாரை | சனி, இரவு 10.30

அண்ணா, முதலில் சுறா. இந்தப் பட்டியலை நடத்துவது 1948இல் பிரான்சில் தொடங்கிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், சுருக்கமாக ஐயுசிஎன். பட்டியல் 1964இல் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் வல்லுநர்கள் "ஆபத்தில் இருக்கிறது" என்று சொன்னால் அதுவே தீர்ப்பு. 1994இல்தான் எண்களால் ஆன அளவுகோல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2001இல் வெளியான பதிப்பு.

அதில் "அற்றுவிட்டது" என்று எழுத வேண்டுமென்றால் கடைசி உயிரி இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகமே இருக்கக்கூடாது. அது வாழ்ந்த இடம், வாழக்கூடிய இடம் எல்லாவற்றிலும், சரியான பருவத்தில், அதன் ஆயுள் சுழற்சிக்கு ஏற்ற கால அளவுக்குத் தேடியிருக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்றால்தான். "இத்தனை வருஷம் காணோம்" என்பது மட்டும் போதாது. பாண்டிச்சேரி சுறாவை அப்படி யாரும் தேடவில்லை. அதனால் "மிக அருகிய இனம்", கூடவே "ஒருவேளை அற்றுப்போயிருக்கலாம்" என்று ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு தனி வகை ஆகாது, ஓரத்தில் பென்சிலால் எழுதியதுபோல.

இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் செபு தீவில் ஒரு பூங்கொத்திக் குருவி. காடு போய்விட்டது, குருவியும் போய்விட்டது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முடிவு கட்டினார்கள். 1992இல் மிச்சமிருந்த ஒரு துண்டுக் காட்டில் அது உயிரோடு இருந்தது. செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டினால் தேடுவதும் நிற்கும், காட்டைக் காப்பாற்றுவதும் நிற்கும், அப்புறம் உண்மையிலேயே செத்துவிடும். இதற்கு "ரோமியோ பிழை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூலியட் மயங்கிக் கிடந்ததைச் சாவு என்று நினைத்தான் அல்லவா, அது.

குருவி பற்றி நாளைக்கு எழுதுகிறேன். கோபம் வருகிறது, தூங்கிவிட்டு வருகிறேன்.

சோனாங்குப்பம் | ஞாயிறு, காலை 6.15

நான் கடலூர். லாஞ்சில் போகிறவன். இப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்தேன்.

நாரை சொன்னது புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. என் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கட்டுமரம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழுக்கு ஏழு வருஷம் என்றார்கள். ஏழு வருஷமும் சித்தி தாலியையும் கழற்றவில்லை, வங்கியில் இருந்த பணத்தையும் எடுக்க முடியவில்லை. ஏழு வருஷம் முடிந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மனுஷனுக்கே ஏழு வருஷம்தான். மீனுக்கு நாற்பத்தைந்து போதாதா?

சொல்லேர் | ஞாயிறு, காலை 8.05

தம்பி, படித்ததும் மனது கனத்துவிட்டது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்லும் விதி 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த விதி அப்படியே இருக்கிறது. அதன் வாசகத்தைப் பலமுறை தமிழாக்கியிருக்கிறேன். "ஏழாண்டாகக் காணவில்லை" என்று மட்டும் அதில் இல்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்குத் தெரிந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழாண்டாக அவரைப் பற்றிச் செய்தி இல்லை என்றால், என்று வரும்.

உங்கள் சித்தப்பா உயிரோடு இருந்தால் உங்கள் சித்திக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சுறா உயிரோடு இருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சோனாங்குப்பம் | ஞாயிறு, காலை 8.20

எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியாது ஐயா. பால் சுறா தெரியும், கொம்பன் தெரியும், உழுவை தெரியும். மற்றதெல்லாம் எங்களுக்குச் சுறா. ஏலத்தில் கூடையில் குவித்துப் போடுவோம். சின்னதாக இருந்தால் புட்டுக்கு. யார் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து பார்ப்பார்?

ஊசுட்டேரி நாரை | ஞாயிறு, காலை 9.10

அங்கேதான் விஷயமே இருக்கிறது. சொல்லேர் ஐயா சொன்ன கணக்கில் பார்த்தால் ஏழு வருஷக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

சரி, குருவி. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில், பறவை பார்ப்பவர்கள் பல ஆண்டுகளாகப் பதிந்த லட்சக்கணக்கான குறிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். நாட்டளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில் குறைகிறது. ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டு, என் வீட்டில் குருவி இல்லை, ஆகவே உலகத்தில் குருவி இல்லை என்கிறோம். உலகப் பட்டியலில் "கவலை குறைந்த இனம்" என்று இருப்பதில் தவறே இல்லை. உங்கள் தெருவில் இல்லாமல் போனதும் உண்மைதான். இரண்டும் வேறு வேறு அளவு.

உண்மையில் விழுந்த பறவையைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை. வெண்முதுகுக் கழுகு, சிலர் பாறு என்பார்கள். 1980களில் இந்த நாட்டில் குப்பைமேடு எல்லாம் அதுதான். 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசிதான் காரணம். செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2000இல் "மிக அருகிய இனம்" ஆனது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். ஜடாயுவுக்குக் கோவில் வைத்திருக்கிற நாம் அதைக் கொன்றது ஊசியால்.

லாஸ்பேட்டை அப்பா | ஞாயிறு, காலை 9.40

நன்றி தம்பி. அப்படியென்றால் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மேலே, அதிகமாக இருந்தால் கீழே, அவ்வளவுதானா? மகள் ஏணி மாதிரி வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற செடி | ஞாயிறு, காலை 10.45

ஏணி வேண்டாம் சார், வாசல் வரையச் சொல்லுங்கள். நான் சிதம்பரம் பக்கம், தாவரவியல் வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகள் இதே தப்பைச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஐந்து வாசல். ஒன்றில் நுழைந்தாலும் போதும், உள்ளே வந்தாயிற்று. முதல் வாசல் சரிவு. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அந்தக் காலத்தில் எவ்வளவு குறைந்தது? 80 விழுக்காடு குறைந்தால் மிக அருகியது, 50 என்றால் அருகியது, 30 என்றால் அழிவாய்ப்பு. காரணம் தெரிந்து, அது நின்று, திரும்ப மீளக்கூடியது என்றால் 90, 70, 50 என்று கொஞ்சம் தளர்த்துவார்கள். கழுகு இந்த வாசல் வழியாக வந்தது.

இதில் மொத்தம் எத்தனை மிச்சம் என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். தை, மாசியில் நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையைப் பாருங்கள். ஒடிசாவில் ஒரே பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டையிட வருகிறது. ஆனாலும் "அழிவாய்ப்பு இனம்". லட்சம் இருந்தாலும் சரிவு சரிவுதான். பத்துக் கோடி ரூபாய் வைத்திருப்பவன் வருஷம் மூன்று கோடி இழந்தால் அவனைப் பணக்காரன் என்று விட்டுவிடுவோமா?

இரண்டாவது வாசல் இடம். பரவியிருக்கும் எல்லை 100 சதுர கிலோமீட்டருக்குள் என்றால் மிக அருகியது, 5,000க்குள் என்றால் அருகியது, 20,000க்குள் என்றால் அழிவாய்ப்பு. ஆனால் சின்ன இடம் மட்டும் போதாது, அந்த இடம் துண்டு துண்டாகி இருப்பது, குறைந்துகொண்டே வருவது, அளவுக்கு மீறி ஏறி இறங்குவது, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். செடிகள் பெரும்பாலும் இந்த வாசலில்தான் வரும். மற்ற மூன்றும் தலை எண்ணுவதும் கணக்குப் போடுவதும். இனப்பெருக்க வயதில் 50க்கும் குறைவாக இருந்தால் வேறு எதுவும் கேட்காமல் மிக அருகியது என்று போட்டுவிடலாம்.

பிச்சாவரத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மாணவர்கள் என்னை விடமாட்டார்கள். அங்கே சுரபுன்னையில் ஒரு வகைக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பு அது. கலப்பினங்களை இந்தப் பட்டியல் பொதுவாக மதிப்பிடுவதில்லை. ஆகையால் நம் மாவட்டத்துக்கே பெருமையான செடிக்கு அந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். "மதிப்பிடப்படவில்லை" வேறு, "கவலை குறைந்தது" வேறு. "தரவுகள் போதாது" என்பது இன்னொன்று: பார்த்தோம், ஆனால் முடிவு சொல்லும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் செடி தனியாக இல்லாவிட்டாலும் காடு சேர்ந்து பட்டியலில் வந்துவிட்டது. வாழிடங்களுக்கு என்று தனிச் சிவப்புப் பட்டியல் உண்டு. 2024 மே மாதம் உலகச் சதுப்புநிலக் காடுகளை மதிப்பிட்டு வெளியிட்டார்கள். தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு சேர்ந்த பகுதி "மிக அருகிய" நிலை. பிச்சாவரம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது பட்டாசு வெடித்தவர்கள் இந்தச் செய்தியைப் படித்தார்களா என்று தெரியவில்லை.

சும்மா வந்தவன் | ஞாயிறு, காலை 10.58

ஐயா, பத்துக் கோடி உதாரணத்தில் எனக்கு அந்த முதல் பத்துக் கோடியே புரியவில்லை.

சொல்லேர் | ஞாயிறு, காலை 11.30

வாத்தியார் "அழிவாய்ப்பு" என்று எழுதியதும் கை துறுதுறுக்கிறது. இந்தத் தமிழ்ப் பெயர்களை யார் வைத்தாலும் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் "வாய்ப்பு" என்றால் நம் காதுக்கு வேலைவாய்ப்பு, நல்வாய்ப்பு. அழிவதற்கு ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது என்பதுபோல் ஒலிக்கிறது. "எளிதில் அழியக்கூடிய" என்று நீட்டி எழுதலாம்.

"அருகிய" அழகான சொல். அருகுதல் என்றால் குறைந்துபோதல், "அருகிய வழக்கு" என்று அகராதியிலேயே போடுவோம். சிக்கல் என்னவென்றால் இன்றைய பிள்ளைகளுக்கு "அருகில்" மட்டும்தான் தெரியும். என் பேத்தி "மிக அருகிய இனம்" என்றால் பக்கத்தில் இருக்கும் விலங்கு என்று நினைத்தாள். "அச்சுறு நிலையை அண்மித்த இனம்" என்பதைச் சார்ட்டில் எழுதினால் சார்ட் போதாது.

லாஸ்பேட்டை அப்பா | ஞாயிறு, காலை 11.41

ஐயா, என் மகளும் அதேதான் கேட்டாள்! "அப்பா, அருகியதுன்னா பக்கத்துல இருக்குதா?" என்று. ஒருவகையில் சரி, பாண்டிச்சேரி சுறா.

சோனாங்குப்பம் | ஞாயிறு, மதியம் 1.20

எல்லாரும் பட்டியல் பட்டியல் என்கிறீர்கள், எங்களுக்குப் பட்டியல் என்றால் வேறு ஞாபகம். 2001 ஜூலையில் சுறா, திருக்கை எல்லாவற்றையும் வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் போட்டுவிட்டார்கள். புலி பிடித்தவனுக்கு என்ன தண்டனையோ அதுவே வலையில் சுறா விழுந்தவனுக்கும். அப்பா அப்போது லாஞ்சில் இருந்தார். ஊரே கொந்தளித்தது. டிசம்பரில் பத்து இனம் மட்டும் என்று குறைத்தார்கள்.

இரண்டு வருஷம் முன்னால் கரையில் செத்துக் கிடந்த ஆமையைப் பற்றிச் சொல்லலாம் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன். நல்லது செய்யப் போனவனை மூன்று மணி நேரம் உட்காரவைத்து, எந்தப் படகு, யார் வலை, உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்று கேட்டார்கள். அதோடு சரி. இப்போது ஆமை கிடந்தால் மணலைத் தள்ளிவிட்டு வந்துவிடுவேன்.

அந்தப் பத்தில் பாண்டிச்சேரி சுறாவும் உண்டா?

ஊசுட்டேரி நாரை | ஞாயிறு, மதியம் 1.45

உண்டு. சிவப்புப் பட்டியல் வேறு, சட்டம் வேறு என்று விளக்க வந்தேன். ஐயுசிஎன் பட்டியலுக்குத் தண்டனை அதிகாரம் கிடையாது, அது ஒரு மதிப்பீடு. அந்தந்த நாடு தன் சட்டத்தில் எதைப் போடுவது என்று தானே முடிவு செய்யும். ஆனால் நீங்கள் கேட்டதும் வேறு ஒன்று உறைக்கிறது.

சோனாங்குப்பம் | ஞாயிறு, மதியம் 1.52

நானே சொல்லிவிடுகிறேன் தம்பி. அது என் வலையில் விழுந்து, அதுதான் என்று எனக்குத் தெரிந்தும் போனால், முதல் வேலையாகக் கடலில் திருப்பிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். செத்திருந்தாலும் சரி. உங்கள் பட்டியலில் 1979 என்று அப்படியே இருக்கும்.

ஓய்வுபெற்ற செடி | ஞாயிறு, மதியம் 2.30

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜாவாவில் ஒரு சின்னத் திருக்கை. ஜகார்த்தா மீன் சந்தையில் 1862இல் வாங்கிய ஒரே ஒரு மாதிரி. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. 2023 டிசம்பரில் அதை அற்றுவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதரால் அற்றுப்போன முதல் கடல் மீன் என்று பதிவானது அதுதான். அங்கே சந்தைகளில் இறங்கும் மீனைப் பல ஆண்டுகள் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. சாவு சொல்வதற்கும் சந்தையில் ஆள் வேண்டும்.

ஊசுட்டேரி நாரை | ஞாயிறு, மதியம் 2.50

படி மேலேயும் ஏறுகிறது என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். பேராமை பல பத்தாண்டுகளாக "அருகிய இனம்". முட்டையைக் காவல் காத்து, வேட்டையை நிறுத்தி, 2025 அக்டோபரில் "கவலை குறைந்த இனம்" ஆனது. நடுவில் இருந்த "அழிவாய்ப்பு", "அச்சுறு நிலையை அண்மித்தது" என்ற இரண்டு படியையும் தாண்டிக் குதித்திருக்கிறது. இன்னொரு பக்கம் உழுவை வகையறா, அதாவது சுறா போன்ற உடல் கொண்ட திருக்கைகள், 2019இல் கிட்டத்தட்ட மொத்தமாக "மிக அருகிய" நிலைக்குப் போய்விட்டது. சோனாங்குப்பம் அண்ணா, நீங்கள் உழுவை தெரியும் என்றீர்களே, முன்புபோல் கிடைக்கிறதா?

சோனாங்குப்பம் | ஞாயிறு, மாலை 4.10

இல்லை. அப்பா காலத்தில் இரண்டு ஆள் தூக்கும் உழுவை. வேளா என்று ஒன்று இருந்ததாம், மூக்கு ரம்பம் மாதிரி. எங்கள் கோவிலில் அதன் கொம்பு ஒன்று மாட்டியிருக்கிறது, நான் உயிரோடு பார்த்ததே இல்லை.

சரி, கேட்கிறேன். பாண்டிச்சேரி சுறாவை எப்படிக் கண்டுபிடிப்பது? படகு, பெயர் எதுவும் கேட்கக்கூடாது. போட்டோ மட்டும் போடுவேன்.

ஊசுட்டேரி நாரை | ஞாயிறு, மாலை 4.35

கேட்க மாட்டோம் அண்ணா. சின்னச் சுறாதான், அறிந்த மாதிரிகள் ஒரு மீட்டர் அளவுக்குள். மூக்கு நீண்டு கூர்மையாக இருக்கும். இரண்டாம் முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, வாலின் கீழ்ப்பகுதி, இவற்றின் நுனி கறுப்பு. இதே கறுப்பு நுனி வேறு சுறாக்களுக்கும் உண்டு, அதனால் பல் முக்கியம். மேல் பல்லின் அடிப்பகுதி ரம்பம்போல், நுனி வழுவழுப்பாக. தலையை வெட்டுவதற்கு முன் பக்கவாட்டில் ஒன்று, வாய்க்குக் கீழே ஒன்று, பல் ஒன்று. பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பீடிக்கட்டோ வையுங்கள், அளவு தெரிய.

லாஸ்பேட்டை அப்பா | திங்கள், இரவு 8.15

சார்ட் கொடுத்தாயிற்று. ஏணிக்குப் பதில் ஐந்து வாசல் வரைந்து, ஓரத்தில் கேள்விக்குறியோடு ஒரு சுறா. கடைசி வரியில் "இதைப் பார்த்தால் கடலூர் மாமாவிடம் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறாள். நான் அழிக்கச் சொல்லவில்லை. தவறென்றால் மன்னிக்கவும்.

சோனாங்குப்பம் | வியாழன், காலை 5.50

மூன்று படம் போட்டிருக்கிறேன். துடுப்பு நுனி கறுப்பு. பீடிக்கட்டு வைத்திருக்கிறேன். கை நடுங்கியதால் பல் படம் கலங்கல்.

ஊசுட்டேரி நாரை | வியாழன், காலை 6.40

அண்ணா, இரண்டாம் துடுப்பு ரொம்பத் தாழ்ந்து, பின்னால் நீண்டு போகிறது. இது சொர்ரா என்ற இனம். பெயரே நம் சுறா போலத்தான் ஒலிக்கும்.

சோனாங்குப்பம் | வியாழன், காலை 6.44

கூடையில் இன்னும் பதினொன்று இருக்கிறது. இருங்கள்.